கண்ணாடியில் ஒட்டிய காகிதம்

அமெரிக்காவில் புதிய கார் விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், வண்டியின் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கக் காணலாம். வண்டியின் பெயர், அடையாள எண், இறுதியாகப் பொருத்தப்பட்ட ஊர், உற்பத்தியாளர் குறித்த விலை, கூடுதல் சாதனங்கள் ஒவ்வொன்றின் விலை, கடைக்குக் கொண்டுவந்த கூலி, மொத்தத் தொகை என எல்லாம் வரிவரியாக அதில் இருக்கும். வாங்குபவர் கைக்கு வண்டி போய்ச் சேருமுன் அதைக் கிழித்தெடுப்பது சட்டப்படி குற்றம். அந்நாட்டார் அதனை 'மன்ரோனி சீட்டு' என்று அழைக்கின்றனர்.

யார் இந்த மன்ரோனி? அவர் சட்டம் கொண்டுவந்துதான் ஒரு பொருளின் விலையை அதன்மேல் எழுதவேண்டும் என்ற நிலை ஏன் வந்தது? இக்கேள்விகளைத் தொடர்ந்து சென்றால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கர் பெரிய கார்களை எப்படி வாங்கினர், எதை நம்பி வாங்கினர் என்ற வரலாறு முழுதும் நம்முன் விரிகிறது. இன்று அதே கார்களைப் பழம்பொருளாகத் தேடி வாங்குவோர்க்கும் அவ்வரலாறு பயன்படும்.

எந்தக் கார்களைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பழைய திரைப்படங்களில் செல்வர் மாளிகையின் முகப்பில் வந்து நிற்குமே, நம்மவர் 'படகுக் கார்' என்று பெயரிட்டழைத்த நீண்ட வண்டி, அந்த இனந்தான். எடுத்துக்காட்டாக 1959ஆம் ஆண்டின் செவ்ரோலே இம்பாலாவைக் கொள்வோம். நீளம் பதினேழரை அடி. நம் அம்பாசடரைவிட மூன்றடிக்கும் மேல் நீளம். அகலம் ஏறத்தாழ ஆறடி எட்டு அங்குலம். பின்புறத்தில் படுக்கைவாட்டில் விரித்த பறவைச் சிறகுபோல் இரு துடுப்புகள். இத்தகைய வண்டியை இன்று 'முழுஅளவுக் கார்' என்கின்றனர். ஆனால் 1950களில் அப்படி யாரும் பிரித்துச் சொன்னதில்லை. அது வெறும் 'கார்', அவ்வளவே. 1960ஆம் ஆண்டு மாதிரிகளாக ஃபோர்டு ஃபால்கன், செவ்ரோலே கோர்வேர் முதலிய சிறிய வண்டிகள் வந்தபிறகே, பெரியதற்குத் தனிப்பெயர் வேண்டியதாயிற்று.

ஏணியும் தவணையும்

கதை 1920களில் தொடங்குகிறது. ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' என்னும் ஒரே வண்டியை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் செய்து குவித்தார். எல்லார்க்கும் ஒரே வண்டி, ஆண்டுதோறும் குறையும் விலை என்பது அவர் வழி. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு 1923இல் தலைவரான ஆல்ஃபிரட் சுலோன் வேறு வழி கண்டார். அவரவர் மடியின் கனத்துக்கேற்ப ஒரு கார் என்பது அவர் கொள்கை. செவ்ரோலே அடிப்படி, அதற்குமேல் போன்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், பியூக், உச்சியில் கடிலாக். இளைஞன் செவ்ரோலேயில் தொடங்குவான். சம்பளம் உயர உயரப் படியேறுவான். அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை அவன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியே அண்டை அயலார்க்கு அறிவித்துவிடும்.

ஏணி வைத்தால் போதுமா? ஏறுவதற்குப் பணம் வேண்டாமா? அதற்கான ஏற்பாட்டை 1919லேயே அந்நிறுவனம் செய்துவிட்டது. கார் வாங்கக் கடன் தருவதற்கென்றே ஒரு துணை நிறுவனத்தை அது தொடங்கியது. கடனை வெறுத்த ஃபோர்டு, 1923இல் வாரந்தோறும் சிறுதொகை செலுத்தி, முழுப்பணம் சேர்ந்தபின் வண்டி பெறும் திட்டத்தை அறிவித்தார். முதலில் சேமி, பிறகு வாங்கு என்றார் ஒருவர். முதலில் வாங்கு, பிறகு செலுத்து என்றார் மற்றவர். மக்கள் எதைத் தேர்ந்தனர் என்று சொல்லவும் வேண்டுமோ! 1920களின் இறுதிக்குள் தவணைமுறையே பெருவழக்காகிவிட்டது.

கொரியப் போர்க் காலத்தில் அரசு தவணைக்கடனை இறுக்கிப் பிடித்தது. முன்பணம் இவ்வளவு, தவணைக்காலம் இவ்வளவு என்று வரம்பு விதித்தது. 1952இல் அவ்வரம்பு நீங்கியது. அதன்பின் 24 மாதங்கள் என்றிருந்த தவணை 36 மாதங்களாக நீண்டது. மாதத்தொகை குறைந்தது, மொத்தக்கடன் பெருகியது. வாங்குவோர் கேட்ட கேள்வியும் மாறிவிட்டது என்பதை நாம் இங்குக் கவனிக்கவேண்டும். 'வண்டி என்ன விலை?' என்ற கேள்வி 'மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?' என்றாயிற்று. விலை மறைவதற்கு இதைவிட வசதியான இடம் வேறில்லை.

ஆண்டுக்கொரு முகம்

ஏணியில் ஏறாமல் ஒரே படியில் நின்றுவிட்டவர்களை என்செய்வது? அவர்களுக்காகவே வந்தது ஆண்டுதோறும் முகம் மாறும் வழக்கம். 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் வடிவுக்கும் வண்ணத்துக்குமென ஒரு தனிப்பிரிவு ஏற்படுத்தி, அதற்கு ஹார்லி ஏர்ல் என்பவரைத் தலைவராக்கியது. போர்விமானமான லாக்ஹீட் பி-38இன் இரட்டை வாலைக் கண்டு மகிழ்ந்து, 1948ஆம் ஆண்டு கடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்புகளை முளைக்கச் செய்தது அவர் பிரிவே. ஆண்டுக்காண்டு துடுப்பு வளர்ந்தது. 1959ஆம் ஆண்டுக் கடிலாக்கில் அது உச்சம் தொட்டது. அவ்வண்டியின் நீளம் 225 அங்குலம், அதாவது பதினெட்டே முக்கால் அடி.

துடுப்பினால் பயன் என்ன? வண்டி விரைந்து ஓடவில்லை, எரிபொருள் மிச்சமாகவில்லை. ஆனால் சென்ற ஆண்டு வாங்கியவனுடைய வண்டி இவ்வாண்டு பழையதாகத் தோன்றியது. உள்ளே எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளியே தகரம் மூப்படைந்துவிட்டது! பொருளின் ஆயுளைத் திட்டமிட்டுக் குறைக்கும் இப்போக்கை வான்ஸ் பாக்கார்டு 1960இல் வெளிவந்த தம் நூலில் கடுமையாகச் சாடினார்.

விலை எங்கே?

1955 அமெரிக்கக் கார்த் தொழிலின் பொன்னாண்டு. அவ்வாண்டு எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. ஆனால் அந்த வெற்றிக்குப் பின்னால் முகவர்களின் பெருமூச்சு இருந்தது. விற்றாலும் விற்காவிட்டாலும் தொழிற்சாலைகள் வண்டிகளை அவர்கள்மேல் தள்ளின. தேங்கிய வண்டிகளைத் தள்ளிவிட முகவர்களும் பலவகை உத்திகளில் இறங்கினர்.

அவற்றுள் தலையாயது விலையைத் 'திணிப்பது'. வண்டியின்மேல் விலை எழுதப்படாத காலம் அது. வாடிக்கையாளர் தம் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வருவார். அவர் பழைய வண்டி எழுநூறு டாலர் பெறுமென்று கொள்வோம். முகவரோ ஆயிரம் டாலர் தருவதாகச் சொல்வார். வந்தவர்க்கு உள்ளம் குளிர்ந்துவிடும். ஆனால் புதிய வண்டியின் விலையில் முந்நூறு டாலர் முன்னமே ஏற்றப்பட்டிருக்கும். வண்டியைக் கொண்டுவந்த கூலி, கழுவி ஆயத்தம் செய்த கூலி, கேளாமலே பொருத்தப்பட்ட வானொலி, வெப்பமூட்டி எனப் பல இனங்களில் அந்த முந்நூறு கரைந்திருக்கும். ஒரே தெருவில் வாழும் இருவர் ஒரே வண்டியை வெவ்வேறு விலைக்கு வாங்கியிருப்பர். இருவருமே தாம் மலிவாக வாங்கியதாக எண்ணியிருப்பர்.

இந்த இடத்தில்தான் மன்ரோனி வருகிறார். ஓக்லஹோமா மாநிலத்தின் செனட்டர். செய்தியாளராகத் தொழிலைத் தொடங்கியவர். கார் விற்பனை முறைகளை ஆராய்ந்த செனட் துணைக்குழுவுக்குத் தலைமை ஏற்று முகவர்களின் முறையீடுகளையும் கேட்டார். அதன் பயனாக உருவான சட்டத்தில் 1958 ஜூலை 7 அன்று குடியரசுத்தலைவர் ஐசனோவர் ஒப்பமிட்டார். அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் கடைகளுக்கு வந்த 1959ஆம் ஆண்டு மாதிரிகள் கண்ணாடியில் காகிதத்தோடு வந்தன.

சட்டம் விலையைக் கட்டுப்படுத்தவில்லை. குறித்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்றும் சொல்லவில்லை. பேரம் முன்போலவே நடந்தது. ஆனால் பேரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது இருதரப்புக்கும் தெரிந்தது. அந்த ஒன்றே பெரிய மாற்றம். 1959 இம்பாலாவின் விலை, வகையைப் பொறுத்துச் சுமார் 2,600 முதல் 3,000 டாலர் வரை. அக்காலத்தில் நடுநிலை அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 5,400 டாலர். அரையாண்டு உழைப்பை ஒரே நாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பவனுக்கு, எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று அறியும் உரிமையாவது வேண்டாமா?

வாசலில் நிறுத்தப்பட்டோர்

காகிதத்தில் விலை வந்துவிட்டது. ஆனால் அவ்விலையைக் கொடுக்கக்கூடிய எல்லாரும் கடைக்குள் சமமாக நுழைய முடிந்ததா? இல்லை.

கறுப்பின மக்களுக்குக் கடிலாக் விற்பதில்லை என்பது 1930களின் தொடக்கத்தில் நிலவிய வழக்கம். வசதிபடைத்த கறுப்பினத்தார், தம் சார்பில் வாங்கித்தரும் வெள்ளையர்க்குத் தனியே பணம் கொடுத்துத்தான் அவ்வண்டியைப் பெற்றனர். நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற அதிகாரி இதைச் சுட்டிக்காட்டி, அவர்களுக்கு நேரடியாக விற்கும்படி நிறுவனத்தை இசையச் செய்தார் என்று பீட்டர் டிரக்கர் தம் நினைவுகளில் பதிந்துள்ளார். பெருவீழ்ச்சிக் காலத்தில் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. அறம் திறக்காத கதவை ஆதாயம் திறந்தது என்றே நாம் கொள்ளவேண்டும்.

அம்மக்களுக்குப் பெரிய கார் வெறும் பகட்டன்று. பேருந்தில் பின்னிருக்கை, இரயிலில் தனிப்பெட்டி என்ற இழிவிலிருந்து தப்பும் வழி அது. நான்கு கதவும் தனக்கே உரிய வண்டியில் எந்த இருக்கையில் அமர்வது என்று எவரும் கட்டளையிட முடியாது. ஆனால் வண்டி இருந்தாலும் வழியில் உணவகமும் தங்குமிடமும் வேண்டுமே? நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். எந்த ஊரில் எந்த விடுதி இடம்தரும், எங்கே உணவு கிடைக்கும், எங்கே வண்டிக்கு எண்ணெய் நிரப்பலாம் என்ற பட்டியல் அது. 1960களின் நடுப்பகுதிவரை புதிய பதிப்புகள் கண்டது. பத்துப்பாட்டில் பாதியளவு ஆற்றுப்படைகளாகப் பெற்ற நமக்கு அந்நூலின் இயல்பு எளிதில் விளங்கும். வழியறிந்தவர் வழியறியாதவரை ஆற்றுப்படுத்துவது தொன்மையான அறம். பாணனும் பொருநனும் பரிசில் தரும் வள்ளலை நோக்கி ஆற்றுப்படுத்தப்பட்டனர். இங்கோ, அவமதிக்காத ஒரு சாப்பாட்டு மேசையை நோக்கி மக்கள் ஆற்றுப்படுத்தப்பட்டனர்.

1955 டிசம்பரில் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து, கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த 381 நாள்களிலும் கார்களே போராட்டத்தின் கால்களாயின. தனியார் வண்டிகள் நூற்றுக்கணக்கில் முறைவைத்து ஓடின. தேவாலயங்கள் 'ஸ்டேஷன் வேகன்' எனும் நீண்ட குடும்ப வண்டிகளை வாங்கித் தம் பெயரை அவற்றின் பக்கங்களில் எழுதி ஓட்டின. காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பீட்டை நீக்கியபோது, கடல்கடந்து இலண்டன் லாயிட்ஸ் வழியாகக் காப்பீடு பெறவேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாவுக்கென விளம்பரம் செய்யப்பட்ட வண்டி, வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களைச் சுமந்து வரலாற்றில் ஏறியது.

பெண்கள் நிலையும் இங்கே நினைக்கத்தக்கது. 1955இல் டாட்ஜ் நிறுவனம் 'லா ஃபாம்' என்ற பெயரில் இளஞ்சிவப்பு வண்டியொன்றைப் பெண்களுக்கெனக் கொண்டுவந்தது. பொருத்தமான கைப்பையும் உதட்டுச்சாயக் குப்பியும் வண்டியோடு வந்தன. பெண்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஈராண்டில் அது மறைந்தது. இளஞ்சிவப்பு நிறத்தைவிட அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. கணவன் கையெழுத்தின்றித் தம் பெயரில் கடன்பெறும் உரிமையைச் சட்டம் அவர்களுக்கு உறுதிசெய்தது 1974இல்தான்.

காகிதம் சொல்லாதவை

மன்ரோனி சீட்டில் சக்கர அலங்காரத் தட்டின் விலைகூட இருந்தது. மோதினால் என்னாகும் என்பது மட்டும் இல்லை. 1950கள் முழுதும் ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கச் சாலைகளில் மாண்டனர். இருக்கைப்பட்டை விருப்பமுள்ளோர் தனியே காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் மார்பை நோக்கி நீட்டிய ஈட்டி. ரால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் சிறிய கோர்வேரைத் தாக்கியதற்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. ஆனால் கூரிய துடுப்புகளும் அலங்காரங்களும் பாதசாரிகளுக்கு விளைக்கும் தீங்கையும் அது பேசியது. ஜெனரல் மோட்டார்ஸ் அவரை உளவு பார்க்க ஆளமர்த்தியது வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் துணைக்குழுமுன் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

'அந்தக்கால இரும்பு உறுதியானது' என்று சொல்வோர் நம்மிடையேயும் உண்டு. அவர்கள் 2009இல் அமெரிக்கக் காப்பீட்டாளர்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் நடத்திய சோதனையை அறியவேண்டும். 1959ஆம் ஆண்டு செவ்ரோலே பெல்ஏர் ஒன்றையும் 2009ஆம் ஆண்டு செவ்ரோலே மாலிபு ஒன்றையும், மணிக்கு 40 மைல் வேகத்தில், முகப்பின் ஒருபாதி முட்டுமாறு நேருக்குநேர் மோதவிட்டனர். பழைய வண்டியின் உட்கூடு நொறுங்கி ஓட்டுநர் இருக்கைமேல் மடிந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய வண்டியின் ஓட்டுநர் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பார்.

இவ்வாறு ஒவ்வொன்றாக வெளிப்பட, ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டம் வந்தது. 1968இல் கடனின் உண்மையான வட்டிவீதத்தைச் சொல்லவேண்டும் என்றாயிற்று. 1972இல் ஓடிய தொலைவு காட்டும் கருவியைப் பின்னோக்கித் திருப்புவது நாடுமுழுதும் குற்றமாயிற்று. 2007 செப்டம்பர் முதல் செய்யப்படும் வண்டிகளில், மோதல் சோதனையின் நட்சத்திர மதிப்பீடும் அந்த மன்ரோனி சீட்டிலேயே இடம்பெறுகிறது. விலைக்காகப் பிறந்த காகிதத்தில் உயிருக்கும் ஒரு கட்டம் ஒதுக்க 49 ஆண்டுகள் ஆயின.

இன்று வாங்குவோர்

இன்று ஒருவர் 1959 இம்பாலாவை வாங்கச் சென்றால் அவர் முன்னுள்ள நிலை என்ன? கிட்டத்தட்ட 1957இல் கடைக்குச் சென்றவரின் நிலைதான். எந்தக் காகிதத்தையும் முழுதாக நம்ப இயலாது, இரும்பையே படிக்கவேண்டும்.

முதலில் எண்கள். முன் இடப்பக்கக் கதவுத் தூணில் அடையாளத் தகடு இருக்கும். அதில் வண்டியின் வகை, ஆண்டு, ஆலை, வரிசை எண் ஆகியவை அடங்கும். எஞ்சின் அறையின் பின்சுவரில் உள்ள தகடு, ஆலையிலிருந்து வந்தபோது பூசியிருந்த வண்ணத்தையும் உள்துணியையும் குறியெண்களால் சொல்லும். தகடு ஒன்று சொல்ல வண்டி வேறொன்று சொன்னால், காரணம் கேட்கவேண்டும். ஓட்டத்தைக் காட்டும் கருவியில் ஐந்து இலக்கங்களே உண்டு. இலட்சம் மைல் ஆனதும் அது மீண்டும் சுழியத்தில் தொடங்கிவிடும். ஆகவே '43,000' என்பது 1,43,000ஆகவும் இருக்கலாம்.

அடுத்தது துரு. பளபளக்கும் வண்ணத்தின் கீழே தகரம் இருக்கிறதா, பட்டி பூசி மெழுகியிருக்கிறதா என்பதை ஒரு சிறு காந்தமே காட்டிக்கொடுக்கும். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பார்க்கவேண்டும். டிக்கியின் அடியைப் பார்க்கவேண்டும். கதவுக்குக் கீழுள்ள விளிம்பைப் பார்க்கவேண்டும். 1958 முதல் 1964 வரையான பெரிய செவ்ரோலேகளின் சேஸிஸ் 'எக்ஸ்' எழுத்து வடிவானது. பக்கவாட்டுத் தண்டுகள் அதில் இல்லை. அச்சேஸிஸில் துரு ஏறியிருந்தால் மேலே எத்தனை அழகிருந்தும் பயனில்லை. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். எண்ணெய்ச் சுற்று ஒன்றே, அது கசிந்தால் நான்கும் ஒருசேரப் போகும். ஈயம் கலந்த பெட்ரோலுக்கென வடித்த எஞ்சின் அது. சாலை வண்டிகளுக்கு அவ்வகைப் பெட்ரோல் அமெரிக்காவில் 1996 முதல் இல்லை. எனவே வால்வு இருக்கைகள் மாற்றப்பட்டனவா என்பதையும் கேட்டறிவது நலம்.

ஒரு வியப்பையும் சொல்லவேண்டும். பழைய மன்ரோனி சீட்டு அழியாமல் இருந்தால் அவ்வண்டிக்குச் சேகரிப்பாளரிடையே மதிப்புக் கூடும். ஆகவே அதையும் அச்சு அசலாக மறுபதிப்புச் செய்து விற்கின்றனர். ஏமாற்றைத் தடுக்கப் பிறந்த காகிதத்துக்கே இப்போது உண்மைச் சோதனை வேண்டியிருக்கிறது!

மூன்றாண்டில் மாற்றப்படவேண்டும் என்று திட்டமிடப்பட்ட இவ்வண்டிகள் அறுபதாண்டு ஓடக்கூடியவை என்பதை ஏர்லும் சுலோனும் நினைத்திருக்க மாட்டார்கள். அதை மெய்ப்பித்த நாடு கியூபா. 1962இல் அமெரிக்கா முழு வணிகத்தடை விதித்தபின் புதிய வண்டியும் உதிரிப்பாகமும் வருவது நின்றது. அதுமட்டுமன்று, 2011 வரை, புரட்சிக்குமுன் தீவிலிருந்த கார்களைத்தான் கியூபர்கள் தங்களுக்குள் தடையின்றி வாங்கவும் விற்கவும் முடிந்தது. டெட்ராய்ட்டின் பழைய படகுகளில் டீசல் எஞ்சின்களைப் பொருத்தி, உடைந்த பாகங்களைக் கையாலேயே கடைந்து, அவற்றை வாடகை வண்டிகளாக ஓட்டிப் பல குடும்பங்கள் பிழைத்தன. ஆண்டுக்கொரு முகம் என்ற மாயம், மாற்றிக்கொள்ள வழியில்லாத இடத்தில் செயலற்றுப்போனது. துடுப்புக்கு வயதாகவே இல்லை. எஞ்சினுக்குத்தான் வயதானது, அதையும் மனிதர் கை பார்த்துக்கொண்டது.

இக்கார்களின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் அழகின்மேல் ஒட்டிய அந்தச் சிறு காகிதத்தையும் வரலாறு மறக்கலாகாது. அதன் ஒரு வரி விலை தெரியாமல் கையெழுத்திட்டவர்களால் வந்தது. இன்னொரு வரி வீடு திரும்பாதவர்களால் வந்தது. காகிதத்தில் என்றுமே ஏறாத வரிகளும் உண்டு: கடையின் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள், கணவன் பெயரைக் கேட்டுத் திருப்பியனுப்பப்பட்டவர்கள். பழைய கார் ஒன்றை வாங்குவோர் அவற்றையும் சேர்த்தே வாங்குகின்றனர்.